தங்கசாலைத் தெரு யாருடையது?

"சௌகார்பேட்டையே சேட்டுங்க கைக்குப் போயிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சென்னையின் அந்தப் பகுதியில் உள்ள தங்கசாலைத் தெரு எந்தக் காலத்தில் ஒருவர் கையில் இருந்தது? கிழக்கிந்தியக் கம்பெனியார் துணி வணிகம் செய்த நாளில், ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் தெரு அது. பிறகு, வெடிமருந்து செய்த இடத்தில் 1840களின் தொடக்கத்தில் நாணயச் சாலை வந்தது. அதையும் 1869இல் மூடினார்கள். அந்தக் கட்டடங்களில் பின்னாளில் அரசு அச்சகம் நடந்தது. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், மார்வாடிகள் என்று இங்கே எல்லோருமே பிழைக்க வந்தவர்கள்தான்.

நான் வளர்ந்தபோது அது அச்சுத் தெரு. அப்பா ஒரு சின்ன அச்சகத்தில் கம்போசிடர். சாய்வாக நிறுத்திய மரக் கேஸில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. அவர் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், விரல் தானாகவே போய் எழுத்தை எடுக்கும். தலைகீழாகக் கிடக்கும் ஈய எழுத்தை, நாம் செய்தித்தாள் படிப்பதுபோல அவ்வளவு வேகமாகப் படிப்பார். பக்கத்து அறையில் டிரெடில் மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டே ஒருவர் கல்யாணப் பத்திரிகை அடிப்பார். அப்பா வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவுவார். அப்படியும் நகக்கண்ணில் மை இருக்கும்.

ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சுக்கூடத்தை 1860இல் இந்தத் தெருவில்தான் தொடங்கினார் என்பதைச் சொல்லும்போது அப்பாவின் குரலே மாறும். அடுத்த ஆண்டே திருக்குறள் பரிமேலழகர் உரையை நாவலர் பதிப்பித்தார். கூப்பிடு தூரத்தில், ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வள்ளலார் குடியிருந்திருக்கிறார். அவர் பாடிய திருவருட்பா 1867இல் அச்சேறியதும் அருட்பாவா மருட்பாவா என்று மூண்ட சண்டையில் நாவலரும் வள்ளலாரும் எதிரெதிர் நின்றார்கள். தமிழ்நாட்டையே பிளந்த அந்த விவாதத்தின் இரு தலைவர்களும் இந்தச் சில தெருக்களுக்குள் நடமாடியவர்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

சினிமாவும் அப்படியே. மௌனப் படக் காலத்தில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் தியேட்டர் இங்கே இருந்தது. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று இங்கிருந்த கினிமா சென்ட்ரலில் வெளியானது. முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறியதும் அதே கொட்டகைதான்.

இன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் எண்ணெய்ச் சட்டியில் ஜிலேபி சுழல்கிறது, கச்சோரிக்குக் கூட்டம் நிற்கிறது. முறுக்கை வைத்து சாண்ட்விச் செய்து தருகிறார்கள், ருசியாகவே இருக்கிறது. முற்றம் வைத்த வீடுகள் பெரும்பாலும் இல்லை, குறுகலான மனைகளில் அடுக்குக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அந்த வீடுகளை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் நல்ல விலைக்கு விற்றுவிட்டு அண்ணா நகருக்கும் அம்பத்தூருக்கும் போனோம். வாங்கியவர்கள் கீழே கடையும் மேலே வீடுமாக இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் கடை சாத்திய பிறகும் அந்தத் தெருவில் மனித நடமாட்டம் இருக்கிறது.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே இருந்த மார்வாடி அம்மாள் அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். போன முறை போயிருந்தபோது அவருடைய பேரன், "அங்கிள், முதல் தமிழ்ப் படம் ஓடின தியேட்டர் நம்ம தெருவுலயா இருந்துச்சு?" என்று கேட்டான். கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். நாவலர் அச்சுக்கூடத்தைப் பற்றியும் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் பையன், அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்றான்.

மாநகராட்சி இந்தத் தெருவில் இரண்டு பலகைகளாவது வைக்க வேண்டும். ஒன்றில் 1860, இன்னொன்றில் 1931. தமிழில் எழுதி, கீழே தெலுங்கிலும் இந்தியிலும் குஜராத்தியிலும் எழுதட்டும்.