13 அடிச் சுவர்

ஆதார் விவரங்கள் 13 அடி உயரம், 5 அடி கனமுள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக 2018இல் உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் சொன்னார். சுவரில் பழுதில்லை, வாசல்தான் திறந்து கிடந்தது. சுமார் 210 அரசு இணையதளங்கள் பயனாளிகளின் பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் ஊரறியப் போட்டிருந்ததை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 2017இலேயே ஆதார் ஆணையம் ஒப்புக்கொண்டிருந்தது. ஜார்க்கண்டில் முதியோர் ஓய்வூதியக்காரர்களின் ஆதார் எண்கள் லட்சக்கணக்கில் வெளிவந்தன.

தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படிக் கேட்டுத்தானே மக்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள்? 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தியது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் ஓய்வூதியக் கணக்கு பகிரங்கம். அதிகாரியின் சொத்துக் கணக்கு அந்தரங்கம்.