மெய்க்கீர்த்தியும் சிந்தனை மீட்சியும்

நான் ஹார்வர்டில் படித்தவன் என்று சொல்லிக்கொண்டால் அதில் எள்ளளவும் பொய் கிடையாது. கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்டு என்ற பெயருடைய தோட்டம் ஒன்று இருப்பதையும், அதன் டிவிஷன்களில் தமிழ்ப்பள்ளிகள் நடந்து வந்ததையும் அறியாத அந்நியர்கள் இதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்துவார்களேயானால், அது அவர்களுடைய பூகோள ஞானத்தில் உள்ள குறையே தவிர என் குற்றமன்று. அமெரிக்காவில் உள்ள அதே பெயருடைய ஸ்தாபனத்துக்கும் எங்களுடையதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: எங்களுடையதில் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகையால் ஆறாம் வகுப்போடு அங்கிருந்து விடைபெற்று, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் காலந்தள்ளி, ஆசிரியப் பயிற்சி முடித்து, வேறொரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் உபாத்தியாயனாக அமர்ந்து, தலைமயிரில் வெண்மை பெரும்பான்மை பெற்ற பிறகுதான் பட்டப்படிப்பு என்ற விஷயம் என் ஜீவியத்தில் பிரவேசித்தது.

முன்காலத்தில் கெடாக்காரன் ஒருவன் பட்டம் பெற ஆசைப்பட்டால் கோலாலம்பூருக்கு ரயிலேற வேண்டும்; 1969க்குப் பிறகு பினாங்குக்குப் படகேறினாலும் போதும் என்றாயிற்று. 1984இல் கெடாவிலேயே உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் வந்தது. அப்புறம் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் எழுந்தது. 2000இல் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பதினொன்று கூடித் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவின. பட்டதாரியல்லாத ஆசிரியர்களைப் பட்டதாரிகளாக்கும் திட்டமொன்றைக் கல்வி அமைச்சும் மேற்கொண்டது. இத்தனை வாசல்கள் திறந்த பிறகும் ஒருவன் உள்ளே நுழையாமல் இருந்தால் சம்சாரத்திடம் என்ன சமாதானம் சொல்வது? நானும் ஒரு வாசலில் நுழைந்தேன். எந்த வாசல் என்பது இங்கே அநாவசியம்.

எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று முதல் வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஆயுள் முழுவதும் கற்கும் தாகம் என்று ஒருவர் சொன்னார்; சமுதாயத்துக்குச் சேவை என்று இன்னொருவர்; மாறிவரும் உலகுக்கு ஈடுகொடுக்க என்று நான். டி.ஜி. 29 என்ற சம்பளப் படியிலிருந்து டி.ஜி. 41க்கு ஏறுவதற்காக என்று அந்த மண்டபத்தில் ஒரு ஜீவனும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆத்ம பரிசோதனை இவ்வாறு மங்களகரமாக ஆரம்பமாயிற்று.

வகுப்பு நடத்த வந்த விரிவுரையாளர், எங்களில் பலருக்கு மகள் வயதுடையவர். மிகுந்த மரியாதையும் அதைவிட மிகுந்த உறுதியும் வாய்ந்தவர். வாரந்தோறும் ஒவ்வொருவரும், செய்ததைத் திரும்பிப் பார்த்து ஆராயும் சிந்தனை மீட்சிக் குறிப்பேடு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டுமென்றும், அதற்கு மதிப்பெண் உண்டென்றும் அவர் அறிவித்தபோது, பின்வரிசையிலிருந்து நிம்மதிப் பெருமூச்சு ஒன்று கிளம்பியது. ஏனெனில் இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சிந்தனை மீட்சி புதிய சரக்கன்று. நாள் பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தினந்தோறும் அதை எழுதித்தான் கை காய்த்துப் போயிருக்கிறோம். "14 மாணவர்களில் 11 பேர் பாட நோக்கத்தை அடைந்தனர். எஞ்சிய 3 மாணவர்களுக்குக் குறைநீக்கல் போதனை வழங்கப்படும்." வெயிலடித்தாலும் வெள்ளம் வந்தாலும், கணிதமானாலும் நன்னெறியானாலும், இந்த இரண்டு வாக்கியங்களும் மாறியதில்லை. சில மனசாட்சியுள்ளவர்கள் மட்டும் வாரத்தில் ஒரு நாள் 11ஐ 12 ஆக்கி, மறுநாள் 10 ஆக்கி யதார்த்தத்துக்கு மதிப்புக் கொடுப்பார்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை குத்துவார். சிந்தனை மீண்டுவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.

இது அதுவல்ல என்று விரிவுரையாளர் விளக்கினார். ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவாசிரியர் 1910இலேயே, சும்மா மனத்தில் ஓடுவது வேறு, காரண காரியங்களைத் துருவி ஆராய்வது வேறு என்று பகுத்துக் காட்டியிருக்கிறாராம். டொனால்டு ஷோன் என்பவர் 1983இல் எழுதிய நூலில், தொழில் தெரிந்தவன் தொழில் செய்துகொண்டிருக்கும்போதே தன் செய்கையைச் சிந்தித்துத் திருத்திக்கொள்கிறான் என்று நிரூபித்தாராம். பிறகு 1988இல் இங்கிலாந்தின் கிரஹாம் கிப்ஸ் வந்து, இந்த விவகாரத்தையெல்லாம் ஆறு படிகள் கொண்ட ஒரு சக்கரமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், நல்லது கெட்டது எவை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வாய். ஷோனைப் படித்தவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. கிப்ஸின் சக்கரத்தை நகலெடுத்து ஒட்டாதவர்கள் அநேகமாக இல்லை. ஆறு கட்டம் போட்டுக் கொடுத்தால் நிரப்பிவிடுவது உத்தியோகஸ்தனின் பிறவிக் குணம்.

என் பள்ளிக்கூடத்தின் பின்புறம் செம்பனைத் தோப்பும் ஒரு கால்வாயும் உண்டு. சக்கரத்தை நான் சுற்றத் தொடங்கிய வாரத்தில், மரபுத்தொடர் பாடம் நடந்துகொண்டிருக்கையில், அந்தக் கால்வாயில் வாசம் செய்யும் உடும்பு ஒன்று சாவதானமாக வகுப்புக்குள் வந்து, கரும்பலகைக்குக் கீழே நின்று, மாணவர்களைக் கண்காணிக்கும் பாவனையில் நாக்கை நீட்டியது. இதைவிடச் சிறந்த சம்பவத்தை எந்தக் குறிப்பேடு எதிர்பார்க்க முடியும்? மிக்க உற்சாகத்தோடு எழுதினேன். என்ன நடந்தது: உடும்பு வந்தது. என்ன உணர்ந்தேன்: பயம். நல்லது: வருஷம் முழுவதும் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று மேஜைமேல் ஏறி நின்று சுத்தமான தமிழில் உரக்கப் பேசினார்கள். கெட்டது: பேசிய வார்த்தைகள் சில பாடநூலில் இல்லாதவை. இனி செய்வது: கதவைச் சாத்துதல்.

விரிவுரையாளர் என்னைத் தனியே அழைத்தார். "சம்பவம் நல்லா இருக்கு ஐயா. ஆனா நீங்க ஏன் பயந்தீங்கன்னு ஆழமாப் போகலையே?"

"உடும்பு அஞ்சடி நீளம் மேடம்" என்றேன்.

அது வெளிக்காரணம் என்றும், உட்காரணத்தைத் தேட வேண்டுமென்றும் சொல்லிப் பத்துக்கு நான்கு கொடுத்தார்.

உட்காரணம் தேடுவதென்றால் குறைகள் வேண்டும். அதுவும் வாரத்துக்கொன்று, அளவான பருமனில். மிகச் சிறிய குறையை எழுதினால் ஆழமில்லை என்பார்கள். பெரிய குறையை எழுதினால் தலைமையாசிரியர் காதுக்குப் போகும். இந்தத் தர்மசங்கடத்தை வீட்டில் பிரஸ்தாபித்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தும் பாராமல், "ஏங்க, இதுக்கா இவ்வளவு யோசனை? என்னைக் கேட்டா ஒரு நோட்டுப் புத்தகமே எழுதித் தரமாட்டேனா?" என்றாள். அவள் அங்கேயே சொல்லத் தொடங்கிய பட்டியல் ஆழத்தில் ஷோனையும் திருப்திப்படுத்தியிருக்கும். ஆனால் அவற்றுள் எதுவும் கற்றல் கற்பித்தல் சம்பந்தப்பட்டதல்ல என்று காரணம் காட்டி நான் அதை நிராகரித்துவிட்டேன்.

எங்களுக்கு இது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை, கெடாவில் அது விடுமுறை நாளாகையால் சாவகாசமாக, நாற்காலியில் சாய்ந்து யோசித்தேன். தன்னைப் பற்றித் தமிழன் எழுதுவதற்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்துவருகின்றன. ஒன்று மெய்க்கீர்த்தி. நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கெடாவாகிய கடாரத்தின்மீது 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழன், கடாரத்தரசனை யானைகளோடு பிடித்ததையும், குவிந்து கிடந்த நிதியைக் கைக்கொண்டதையும், வீழ்ந்த ஊர்களின் பெயர்களையும் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். எந்தக் கப்பல் வழிதவறியது, அடுத்த முறை என்ன திருத்தம் செய்வான் என்பதற்கு அதில் ஓர் எழுத்துக்கூட இடமில்லை. ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் பூர்த்தி செய்யும் சுய மதிப்பீட்டுப் படிவம் இந்த மரபைச் சேர்ந்தது.

மற்றொரு வழி, பக்தர்களுடையது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் செலவிட்டதாகப் புராணம் கூறும் மாணிக்கவாசகர், திருவாசகத்தில் தம்மை நாயென்றே அழைத்துக்கொள்கிறார். அபசாரம் மன்னிக்கப்படுமாக: கிப்ஸின் இரண்டாம் படியான உணர்ச்சிக்கு அவருக்கு முழு மதிப்பெண்ணும் போட்டுவிடலாம், குதிரைப் பணத்தின் வரவு செலவு மட்டும் எங்கும் காணோம். எங்கள் குறிப்பேடுகளெல்லாம் வெகு சீக்கிரத்தில் இந்த மரபுக்குத் தாவிவிட்டன. "நான் மாணவர்களின் மனநிலையை உணரத் தவறிய ஓர் எளிய ஆசிரியன்" என்று தொடங்கினால் ஏழு மதிப்பெண்ணுக்குக் குறையாது என்ற ரகசியம், நடுப்பருவத்துக்குள் மண்டபம் முழுவதும் பரவியது. தன்னை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், இன்னது செய்தேன், இன்ன காரணத்தால் செய்தேன், இன்னது விளைந்தது என்று நிதானமாக எழுதுவதற்குத்தான் எங்களுக்குப் பழக்கம் போதவில்லை. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வித்தைக்கு அருகே வந்தவர். வந்த கப்பல், போன சரக்கு, கேட்ட வம்பு, பார்த்த சகுனம், கவர்னர் துய்ப்ளே துரை சொன்னது, தாம் சொன்னது என்று கிரமமாக எழுதிக்கொண்டே போனார். அவருக்கு மதிப்பெண் போட ஒருவரும் இல்லை என்பது அவருடைய பாக்கியம்.

பால்மரக் காலத்தில், வாளிப் பாலில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டிக் கொண்டுவருவோர் சிலர் உண்டு. கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை அதில் இறக்கியதும், பாலில் உள்ள ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது அம்பலமாகிவிடும். சிந்தனை மீட்சிக்கு அப்படியொரு கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே எங்கள் வகுப்பில் குறை வியாபாரம் செழித்தது. சக மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்தி முடித்த 'பொறுமையின்மை'யை எனக்குக் கொடுத்து, என்னுடைய 'நேர நிர்வாகக் குறைபா'ட்டை வாங்கிக்கொண்டு போனார். இருவருக்கும் எட்டு கிடைத்தது.

பருவம் முடியும் தறுவாயில், கைவசமிருந்த குறைகளெல்லாம் செலவாகிவிட்ட ஒரு வாரத்தில், வேறு வழியின்றிப் பழைய பாடத்திட்ட ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சிய 3 மாணவர்கள் என்ற வாசகத்தில் கண் நின்றது. யார் அந்த மூவர் என்ற கேள்வி அந்த ஏட்டில் எங்கும் இல்லை. அந்த வாரம் மூவரையும் கவனித்து எழுதினேன். ஒருவன் வகுப்பில் தூங்குகிறவன். தோட்டத்து ஜனங்கள் சுங்கை பட்டாணியின் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபோன பிறகும் பள்ளிக்கூடம் தோட்டத்திலேயே நிற்பதால், பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். அந்த வேன் முதலில் ஏற்றுவது இவனை. விடியுமுன் ஏறி, மற்றவர்கள் வீடுகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? மற்றொருத்திக்கு அந்தப் பாடம் முன்பே தெரியும். தெரிந்ததை மறுபடி எழுதுவானேன் என்று பயிற்சியை வெறுமையாக வைத்தவளை நான் குறைநீக்கல் பட்டியலில் சேர்த்திருந்தேன். மூன்றாமவனைப் பற்றிய விசாரணை முடிவதற்குள் பருவம் முடிந்துவிட்டது. முதல் பிள்ளையின் தகப்பனார் வேன்காரரிடம் பேசி, ஏற்றும் வரிசையை மாற்றிக் கேட்டார்; இப்போது அவன் மூன்றாவதாக ஏறுகிறான், கொஞ்சம் குறைவாகத் தூங்குகிறான்.

அந்தக் குறிப்புக்கு ஐந்து மதிப்பெண் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில், "இதில் நீங்கள் எங்கே?" என்று எழுதியிருந்தது.

பட்டம் வந்தது, உரிய காலத்தில் டி.ஜி. 41உம் வந்தது. ஆகையால் எனக்கு யார்மீதும் மனஸ்தாபம் இல்லை. சிந்தனை மீட்சி வீண் என்பதும் என் அபிப்பிராயமன்று. அதை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போட்டதுதான் வீண். ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தை வகுக்கும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பருவத்துக்கு ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், மதிப்பெண்ணும் கையெழுத்தும் இல்லாமல், யாரும் வாங்கிப் படிக்கவும் மாட்டார்கள் என்று எழுத்துமூலம் உறுதி கொடுத்து, எழுதச் சொல்லிப் பாருங்கள்.