பாளையக்காரர் வீட்டு வெள்ளை

விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் நாயின் பெருமையை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கும்பினிக்காரன் குதிரைப் படை மேல் பாய்ந்தது, பாளையக்காரர் கூடாரத்துக்குக் காவல் நின்றது என்று கதை நிற்காது. பாளையமெல்லாம் போய்விட்டது, நாய்க்கு மட்டும் 2005-ல் தபால்தலை வந்தது!

இத்தனை வீரனை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? ஓட்டம், மோப்பம், பல்? அதெல்லாம் அப்புறம். முதல் கண்டிஷன், கலர். உடம்பு பால் வெள்ளை, மூக்கு ரோஸ், கண் தங்க நிறம். எங்காவது ஒரு செம்புள்ளி விழுந்தால் குட்டி அவுட். மாப்பிள்ளை வீட்டார்கூட இதைவிட அட்ஜஸ்ட் பண்ணுவார்கள்.

கண்ணுக்குத் தெரிவதை நம்பாதே என்று காட்டியவர் மெண்டல். வாத்தியார் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்ட துறவி. மடத்துத் தோட்டத்தில் ஊதாப்பூப் பட்டாணியையும் வெள்ளைப்பூப் பட்டாணியையும் சேர்த்தார். பிறந்ததெல்லாம் ஊதா. வெள்ளை ஒழிந்ததா? அடுத்த தலைமுறையில் 705 ஊதாவுக்கு 224 வெள்ளை ஜம்மென்று வந்து நின்றது! முந்திக்கொண்டு நிற்பது ஓங்கு பண்பு. பதுங்கியிருந்து பேரனிடம் தலைகாட்டுவது ஒடுங்கு பண்பு. 1866-ல் அச்சில் போட்டார். 1900 வரை ஒரு லைக் விழவில்லை. மனிதர் 1884-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாய் விஷயத்திலும் நம்மவர்கள் பார்த்தது புறத்தோற்றம். உள்ளே இருக்கும் ஜீனாக்கத்தை யார் கண்டார்? ரோமத்துக்கு நிறம் கொடுக்கிற செல்களுக்கு உள்காதிலும் வேலை உண்டு. அங்கே அவை இல்லாவிட்டால் கேட்கும் செல்கள் குட்டிப் பருவத்திலேயே செத்துப்போகும். டால்மேஷன் நாய்க்கும் இதே வம்புதான். ஒரு ஜீனின் மாற்று வடிவம்தான் அல்லீல்; அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று. வெள்ளை கெடக்கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால், ஒளிந்திருந்த கோளாறுகளும் ஜோடி சேர்ந்துவிடும். ஆக, கேட்டது வெள்ளை. கூடவே வந்தது செவிடு. எல்லாக் குட்டிக்கும் இல்லை, ஆனால் வளர்ப்பவர்கள் கவலைப்படும் அளவுக்கு உண்டு.

தீபாவளிக்கு சிவகாசிப் பக்கம் இந்தச் செவிட்டுக் கதையின் உச்சக்கட்டம். மற்ற நாயெல்லாம் கட்டிலுக்கடியில் நடுங்கும். நம் வெள்ளைச்சாமி திண்ணையில் கொட்டாவி விடுவார். "பத்தாயிரம் வாலாவுக்கே அசையலையே, பாளையக்காரர் வீட்டு ரத்தம்ல!" என்று ஓனர் மீசையை முறுக்குவார். அண்ணாச்சி, வெடித்ததே அதற்குத் தெரியாது.

குட்டி வாங்கப் போகிறீர்களா? அது பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள்; செவிட்டுக் குட்டியும் அதிர்வுக்குத் திரும்பி உங்களை ஏமாற்றிவிடும்.