எழுத்தாளர் இணையத்தளமும் மருமகன் கோட்பாடும்: திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் களமும்

ஐம்பது வயதைக் கடக்கும் எழுத்தாளரை மூன்று ஆசைகள் பிடிக்கின்றன: மணிவிழா மலர், முழுத் தொகுப்பு, சொந்த இணையத்தளம். முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு மருமகன் வேண்டும். மலர் பற்றியும் தொகுப்பு பற்றியும் பேராசிரியர்கள் மேடைதோறும் பேசித் தீர்த்துவிட்டார்கள். மருமகனை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியை நிரப்ப எழுந்தது.

ஆய்வுக் களமாகத் திருக்கோணமலை தெரிவானதற்குக் காரணம் உண்டு. ஈழத்தின் ஆரம்பகாலத் தமிழ் நாவல்களில் ஒன்றான 'ஊசோன் பாலந்தை கதை'யை 1891இல் எழுதிய இன்னாசித்தம்பி இந்த ஊர்க்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்க்காரரே. ஆனால் நூல் அச்சேறியது சென்னையில். 1939இல் இங்கே பிறந்த பிரமிளும் எழுத்தையும் வாழ்வையும் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார். உலகக் கப்பல்களெல்லாம் ஒதுங்க இடம் கொடுக்கும் இந்த இயற்கைத் துறைமுகம் தன் எழுத்தாளர்களுக்கு மட்டும் நிலையான முகவரி கொடுக்கத் தவறியது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆய்வு வசதிக்காக உள்துறைமுக வீதியில் ஓர் எழுத்தாளரைக் குடியேற்றிக்கொள்வோம். அவர் பெயர் எ. மூன்று சிறுகதைத் தொகுதிகள், ஒரு நாவல், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மருமகன்.

2. பெயர்ச் சிக்கல்

முதற் சிக்கல் வட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது.

"மாமா, டொமைன் என்ன பேரில எடுக்கிறது?"

"என்ர பேரிலதான்."

"இனிஷியலோடயோ, இல்லாமலோ?"

பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நிற்பதில் நியாயம் உண்டு. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த பெயர் முறைமையில் புள்ளி என்பது எல்லைக்கல். புள்ளிக்கு இடப்புறம் இருப்பது வலப்புறம் இருப்பதற்குக் கட்டுப்பட்டது. தமிழர் தலைப்பெழுத்து முறை இதற்கு நேரெதிர். தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்றால் முதலில் திருக்கோணமலை, அடுத்து தந்தை தம்பிமுத்துப்பிள்ளை, கடைசியில்தான் மகன். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிவது. இதே பெயரைப் புள்ளிகளோடு இணைய முகவரியாக்கினால் தந்தை மகனுக்குக் கீழ்ப்பட்டவராகிறார்; திருக்கோணமலை நகரம் முழுவதும் அந்தத் தந்தையின் சின்னஞ்சிறு உட்பிரிவாகிறது. ஊர்த் தெய்வமான கோணேசர் பொறுத்துக்கொண்டாலும் நகர நிர்வாகம் பொறுக்காது.

தமிழர் முறைக்குத் துணை நின்றவர்களும் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு 1980களில் நாட்டின் பெயரை முன்னால் வைத்தே முகவரி எழுதியது. பின்னர் அமெரிக்க வழக்கத்துக்குப் பணிந்தது. அன்று அது பணியாமல் இருந்திருந்தால் எ.யின் தந்தை இன்று உரிய இடத்தில் இருந்திருப்பார்.

நடைமுறையில் எழுத்தாளர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். எஸ். ராமகிருஷ்ணன் தலைப்பெழுத்தை வைத்துக்கொண்டு புள்ளியைத் துறந்தார். கொக்குவிலில் பிறந்து கனடாவில் வாழும் அ. முத்துலிங்கத்தின் தளம் 'அமுத்து' என்று சுருங்கிவிட்டது. வீட்டில் கூப்பிடும் பெயரைப் போல அது பொருந்தியும் போனது. முகவரியைத் தமிழிலேயே எழுத விரும்புவோருக்கு 2010 முதல் 'டொட் இலங்கை' உண்டு. ஆனால் அங்கே தமிழில் தட்டிய பெயர் திரைக்குப் பின்னால் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் பயணம் செய்கிறது. ஒரு கூறு 63 குறிகளைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. பட்டங்களோடு பெயர் எழுதும் கவிமணிகளும் கலாபூஷணங்களும் கவனிக்க.

இந்தச் சிக்கலின் உச்சம் பிரமிள். தருமு சிவராம், அரூப் சிவராம், பானுச்சந்திரன், பிரமிள் என்று பெயர்களை மாற்றியும் எண்சாத்திரப்படி எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் வந்தவர் அவர். 1997 ஜனவரியில், தமிழ் இணையம் எழுந்து நடக்கத் தொடங்கிய நேரத்தில், காலமானார். அவருக்குத் தளம் அமைக்க நேர்ந்திருந்தால் எந்த மருமகனும் தாங்கியிருக்க மாட்டான். பெயர் மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். நிரந்தரத் திருப்பத்துக்கு இணையம் வைத்திருக்கும் குறியெண் 301, தற்காலிகத் திருப்பத்துக்கு 302. முன்னதைக் கூட்டினால் 4, ராகு. பின்னதைக் கூட்டினால் 5, புதன். பக்கம் நலமாகக் கிடைத்தால் 200, அதாவது 2, சந்திரன். பக்கம் காணாமற்போனால் 404. கூட்டுத்தொகை 8. சனி! இணைய நெறிமுறையை வகுத்தவர்கள் எண்சாத்திரம் படித்தார்களா என்று இதுவரை எவரும் கேட்கவில்லை.

3. எழுத்துருவும் பொன்னாடையும்

தமிழ் எழுத்து இணையத்தில் ஏறியதற்கு ஓர் எழுத்தாளரே காரணம் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர்ச் சிறுகதையாளர் நா. கோவிந்தசாமி 1995இல், அந்நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளில் தந்த தளத்தில் தமிழையும் தெரியவைத்தார். ஆனால் தொடர்ந்து வந்த பத்தாண்டுகள் எழுத்துருக்களின் உள்நாட்டுப் போர்க்காலம். ஈழத்தவர் மத்தியில் 'பாமினி' ஆட்சி செய்தது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதிய பக்கத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். அக்காலத்தில் பல கவிஞர்கள் புரியாமல் எழுதுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதில் பாமினியின் பங்கு எவ்வளவு என்பது பிரிக்கப்பட வேண்டியது.

யூனிகோட் வந்து போரை முடித்தது. அதன் இன்றைய பொது வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் செலவு. 'கோணேசர்' என்ற பெயருக்கு ஏழு குறிகள், 21 பைட். பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று கொண்டால் எ.யின் 200 பக்க நாவல் 900 கிலோபைட்டில் அடங்கும். அவருக்குப் பொன்னாடை போர்த்தும் கைபேசிப் படம் ஒன்று சாதாரணமாக மூன்று மெகாபைட். ஆக, ஒரு பொன்னாடை மூன்று நாவல்களுக்குச் சமம். எழுத்தாளர் தளங்கள் மெதுவாகத் திறப்பதற்கு இலக்கியத்தைக் குறை சொல்ல முடியாது.

4. 'என்னைப் பற்றி'

தளத்தில் மிக நீளமாக அமையும் பக்கம் இது. பிறந்த ஊர், படித்த பாடசாலை, பெற்ற விருதுகள், பெறாத விருதுகளுக்கான விளக்கம் என்ற வரிசையில் விரியும்.

எதிர்நிலைச் சான்று ஒன்று திருக்கோணமலை மண்ணிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் காலமாகி, இங்கே அடக்கம் செய்யப்பட்டார். இவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. அக்கா 1811இல் வெளியிட்ட முதல் நாவலின் முகப்பில் பெயரே இல்லை, 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் இருந்தது. 1817இல் அவர் இறந்தபோது வின்செஸ்டர் தேவாலயத்தில் வைத்த கல்லறைக்கல் அவர் குணநலன்களை விரிவாகப் புகழ்கிறது. நாவல் எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. 55 ஆண்டுகள் கழித்து, 1872இல், அருகே ஒரு பித்தளைத் தகடு பதிக்கப்பட்டது. அதில்தான் அவர் எழுத்தாளர் என்ற செய்தி வந்தது. பதித்தவர் யார்? அவருடைய அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட். அத்தை பற்றித் தாம் எழுதிய நூலின் வருவாயில் செய்தார்.

அண்ணன் மகன் ஒரு பெண்ணுக்கு மருமகன். எழுத்தாளரின் பெயரை நிலைநிறுத்துபவன் மருமகனே என்னும் மருமகன் கோட்பாட்டுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று இதுவே.

5. புதுப்பித்தல்

தளம் திறந்த வாரத்தில் எ. நாள்தோறும் எழுதுகிறார். அடுத்த மாதம் 'விரைவில்' என்ற சொல் மூன்று பக்கங்களில் குடியேறுகிறது. அதற்கடுத்த ஆண்டு முகப்பில் பழைய புத்தாண்டு வாழ்த்து நிலைத்துவிடுகிறது. இந்த நோய்க்கு விலக்கானவர்கள் அரிது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை, 26 நாவல்களை, அத்தியாயம் அத்தியாயமாக இணையத்திலேயே எழுதி முடித்தார். எ. இந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட அன்று தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

புதுப்பிப்பவர்களின் முன்னோடியும் இந்தக் கரைக்கு வந்தவர்தான். புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலில் வந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1660இல் கண்டி மன்னரின் ஆட்களிடம் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்தார். தப்பிப்போய் 1681இல் இலண்டனில் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். வெளியிட்டதோடு விடவில்லை. தம் பிரதியில் இடையிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, திருத்தங்களையும் புதுச் செய்திகளையும் எழுதிக்கொண்டே போனார். கடவுச்சொல் தேவைப்படாத காலம் அது.

எ.யின் தளத்துக்கோ ஆண்டுக் கட்டணம் உண்டு. அது மருமகனின் கடனட்டையில் ஓடுகிறது. அட்டை காலாவதியானால் நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எவரும் திறக்காத பெட்டிக்குப் போகும். டொட் கொம் போன்ற பெயர்களை நீக்கியதும் உரியவர் மீட்டுக்கொள்ள 30 நாள் தவணை உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டி போல, அதற்குப் பிறகு உறவு முடிந்தது. மேலும் ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வரும். சூதாட்ட விளம்பரக்காரர் வாங்கிக்கொண்டால், எ.யின் சிறுகதைகளைத் தேடி வருபவர் சீட்டுக்கட்டுகளைக் காண்பார். வருகை எண்ணிக்கை கூடவும் செய்யலாம்.

6. முடிவுகளும் பரிந்துரைகளும்

முதல் முடிவு: தளத்தின் ஆயுள் எழுத்தின் தரத்தைச் சார்ந்ததன்று. தனியாட்களின் பக்கங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டபோது நல்ல பக்கமும் மோசமான பக்கமும் ஒன்றாகவே போயின.

இரண்டாம் முடிவு: தனி மருமகனைவிடக் கூட்டு மருமகன்கள் மேல். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் சேகரித்துவரும் நூலகம் திட்டமும், மாமா யாரென்றே அறியாத தன்னார்வலர்களால் நடப்பவை. ஒருவர் அலுத்தால் இன்னொருவர் வருகிறார்.

பரிந்துரைகள்: கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டு உறுதியோடு வைக்க வேண்டும். தளத்தில் ஏற்றிய அனைத்திலும் ஒரு பிரதி நூலகம் திட்டத்துக்குப் போக வேண்டும். பொன்னாடைப் படங்களைச் சுருக்க வேண்டும்.

மேலாய்வுக்குரிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. எ.யின் தளத்தில் அண்மைக்காலமாக 'பிற' என்றொரு பகுதி முளைத்திருக்கிறது. உள்ளே பதினொரு கவிதைகள். எல்லாவற்றிலும் பனி பெய்கிறது. எ. பனியைக் கண்டதேயில்லை. மருமகனே எழுதத் தொடங்கிவிட்டால் அவனுக்குத் தளம் அமைப்பவர் யார் என்பதற்கு இக்கோட்பாட்டில் விடை இல்லை. அவனுடைய தங்கை மகனுக்கு இப்போது இரண்டு வயது.