மாயாவிக்குக் கையாவது தெரிந்தது

காமிக்ஸ் எழுதிப் பிழைக்கலாம் என்று நினைக்கும் நெல்லைத் தம்பிமார்களுக்கு இலவசமாக ஓர் ஆலோசனை. நாயகனாகப் பிறந்துவிடுங்கள். அவனைப் படைத்தவனாக மட்டும் பிறந்து தொலைக்காதீர்கள். நாயகன் வானத்தில் பறப்பான், குண்டு பட்டால் சிரிப்பான், இந்த இதழில் செத்தால் அடுத்த இதழில் எழுந்து வருவான். எழுதியவன் ஒரே தடவைதான் சாவான். அதுவும் கடனோடு.

எங்கள் தலைமுறைக்கு உலகத்தைக் காப்பாற்றும் ஆட்கள் பெரும்பாலும் சிவகாசியிலிருந்துதான் வந்தார்கள். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை அனுப்பியது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. ஜங்ஷன் பக்கத்து வாடகைப் புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்து, கோந்து ஒட்டி, நடுப்பக்கம் காணாமல் போன நிலையில் அவர்கள் எங்களுக்குத் தரிசனம் தந்தார்கள்.

மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், விபத்தில் வலக்கையை இழந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கரண்ட் போனால் இவர் என்ன செய்வார் என்று பாளையங்கோட்டைத் திண்ணைகளில் ராத்திரி முழுக்க விவாதம் நடந்திருக்கிறது. இவரை எழுதியது யார் என்று ஒரு ராத்திரியும் விவாதம் நடந்ததில்லை. தப்பித் தவறி ஒரு பையன் கேட்டுவிட்டால் கடைக்காரர் பதில் தயாராக இருக்கும்: “எழுதுனவன் எவனா இருந்தா ஒனக்கென்னல? வாடகைய வச்சுட்டு எடுத்துட்டுப் போ.”

கடைக்கார அண்ணாச்சியைக் குறை சொல்லக் கூடாது. அவர் மாயாவியின் லண்டன் முதலாளிகளின் கொள்கையைத்தான் நெல்லைத் தமிழில் சொன்னார். மாயாவியை முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் அந்தத் தொடரைத் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழ் எழுதியவர் பெயரைப் போடவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காமிக்ஸ் உலகத்தின் வழக்கமே அதுதான். மாயாவி மறைந்தால் கையாவது தெரிந்தது. எழுதியவருக்கு அந்தக் கையும் தெரியவில்லை.

அடுத்து நம்ம கூர்மண்டையர், ஸ்பைடர். காது நீண்டு, தலை கூர்த்து, வலைத் துப்பாக்கியும் ஹெலிகாருமாக ஊரைக் கொள்ளையடிக்க வந்தவர், பிறகு மனம் திருந்தி வில்லன்களை வெளுத்தவர். 1965இல் டெட் கோவன் தொடங்கி வைத்த அந்தத் தொடரைக் கொஞ்ச நாளிலேயே ஓர் அமெரிக்கர் கையில் எடுத்தார். அவர் பெயர் ஜெர்ரி சீகல். ஆமாம், சூப்பர்மேனைப் படைத்தவரேதான். சூப்பர்மேனைப் பெற்றவர் எதற்காக லண்டன் வார இதழுக்குப் பெயரில்லாமல் கதை எழுதிக்கொண்டிருந்தார்? வயிற்றுப்பாட்டுக்குத்தான்.

1938இல் சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் ஒரு காமிக்ஸ் கம்பெனிக்கு 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை அடங்கிய காசோலையில் இருவர் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தது. பிழைக்க வந்தவர்களின் பெயரில் பிழை இருந்தால் என்ன, கையெழுத்து சரியாக இருந்தால் போதாதா? 1947இல் நியாயம் கேட்டு வழக்குப் போட்டார்கள். வேலை போனது, கதையிலிருந்து பெயரும் போனது. பின்னாளில் சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். ஷஸ்டருக்குக் கண்பார்வை மங்கிப் போயிருந்தது.

சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், 1975இல் சீகல் பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பி அந்தப் படத்துக்கு மண்ணை வாரித் தூற்றினார். ஊர் சிரித்த பிறகு கம்பெனிக்கு ஈரல் இளகியது. தலைக்கு வருஷம் 20,000 டாலர், கூடவே படைத்தவர்கள் என்று பெயர். 1978இல் படம் வந்தது. அதில் சூப்பர்மேனின் அப்பாவாகச் சில நிமிஷம் வந்துபோன மார்லன் பிராண்டோவுக்குச் சம்பளம் 37 லட்சம் டாலர். அப்பாவாக நடித்தவருக்கு லட்சங்கள், அப்பாவாகவே இருந்தவருக்கு முதியோர் உதவித்தொகை!

இந்தக் கூத்தின் உச்சம் 2012இல் நடந்தது. அந்தக் காசோலைக் காகிதம் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. வஞ்சகத்துக்கும் வயசானால் புராதனப் பொருள் என்று மரியாதை வந்துவிடுகிறது.

பேட்மேன் கதை இன்னும் லட்சணம். அவனுடைய உடுப்பையும் உலகத்தையும் உருவாக்கியதில் பெரும்பங்கு எழுத்தாளர் பில் ஃபிங்கருக்கு. பெயர் எடுத்தது பாப் கேன். ஃபிங்கர் 1974இல் வறுமையில் செத்தார். 2015இல் அதே கம்பெனி அவர் பெயரை அதிகாரபூர்வமாகச் சேர்த்தது. நாற்பத்தோரு வருஷம் கழித்து வைத்த படையல். ‘வாட்ச்மென்’ எழுதிய ஆலன் மூருக்கு வேறு உபாயம். அந்தப் புத்தகம் விற்பனையிலிருந்து நின்றுபோனால் உரிமை படைத்தவர்களுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம். நல்ல ஒப்பந்தம்தான். 1987இலிருந்து புத்தகம் நிற்கவே இல்லை. நல்லா எழுதிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை.

இதெல்லாம் அமெரிக்க அக்கிரமம் என்று நாம் துண்டை உதறித் தோளில் போட வேண்டாம். நம்ம லட்சணம் தெரியாதா? தழுவல் என்ற பெயரில் நடந்த இலக்கியத் திருட்டை எதிர்த்து மல்லுக்கு நின்ற புதுமைப்பித்தன் நம்மூர் இந்துக் கல்லூரியில் படித்தவர். பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போய், காச நோயோடு திரும்பி, 1948இல் 42 வயதில் திருவனந்தபுரத்தில் இறந்தார். அரசாங்கம் 2002இல் அவர் எழுத்தை நாட்டுடைமை ஆக்கிக் கௌரவித்தது. இருக்கும்போது ஆளுக்கு உடைமை கிடையாது, போன பிறகு எழுத்து நாட்டின் உடைமை.

நம்ம சூப்பர் ஹீரோக்கள் வெள்ளித்திரையில் இருக்கிறார்கள். 2018இல் ‘சர்க்கார்’ படத்தின் கதைக்கரு தன்னுடையது என்று வருண் ராஜேந்திரன் என்பவர் கிளம்பினார். இரண்டும் ஒத்துப்போவதாக எழுத்தாளர் சங்கத் தலைவர் பாக்யராஜ் சொன்னார். வழக்கு நீதிமன்றம் வரை போய்ச் சமரசமாகி, படத்தில் பெயர் போட்டு நன்றி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். அந்த நன்றி திரையில் ஓடும்போது வண்ணார்பேட்டைத் தியேட்டர் வாசலில் நம்ம ஆள் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருப்பான்.

ரசிகப் பெருமக்களே, உங்களிடம்தான் கோபம் அதிகம். தாள் மட்டமாக இருக்கிறது என்று கடுதாசி எழுதினீர்கள். அட்டைப் படம் சரியில்லை என்று சண்டை பிடித்தீர்கள். பழைய இதழுக்கு வாங்கிய விலையைவிடப் பல மடங்கு கொட்டிக் கொடுத்து, கண்ணாடித் தாள் சுற்றிப் பீரோவில் பூட்டினீர்கள். எழுதியவன் சாப்பிட்டானா என்று எவராவது கேட்டீர்களா? முகமூடி போட்ட வில்லனைப் பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் கண்டுபிடித்த நமக்கு, ஒப்பந்தக் காகிதத்தை நீட்டிய வில்லனை மட்டும் தெரியாமல் போனது.

பொருநை புத்தகத் திருவிழாவில் அடுத்த தடவை காமிக்ஸ் வாங்கும்போது முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுத்தாளர் பெயரும் ஓவியர் பெயரும் இருந்தால் வாய்விட்டுப் படித்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.