நாரை மார்க் சைக்கிளும் நாலு காட்டர் பின்னும்

நாட்டிங்ஹாம்,
ஆவணி மாதம்.

சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் அநேக ஆசீர்வாதம்.

"இந்த வயதில் வீட்டோடு உட்கார்ந்து பாகவதம் வாசிக்காமல், தோட்டம் துரவு என்று எதற்காக அலைகிறீர்கள்?" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். இந்த ஊரில் செயிண்ட் ஆன்ஸ் என்னும் மேட்டுப் பிரதேசத்தில், வேலியடைத்த சின்னச் சின்னத் தோட்டங்களை ஊராருக்கு வாடகைக்கு விடும் சம்பிரதாயம் விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து இருந்து வருகிறது என்பதும், அதில் ஒரு துண்டு நிலத்தை எடுத்து நான் வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் போட்டு, விளைச்சலில் பெரும் பாகத்தை நத்தைகளுக்கு நிவேதனம் செய்து வருகிறேன் என்பதும் நீ அறிந்த விஷயங்களே. அந்த அலைச்சலுக்கு இப்போது பலன் கிடைத்துவிட்டது. என் பழைய ராலே சைக்கிள் அகப்பட்டுவிட்டது!

எந்தச் சைக்கிள் என்று கேட்பாய். 1964-இல் நான் இங்கே வந்து, பூட்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் ஏற்ற புதிதில், முழங்கால் வரை தொங்கும் ஓவர்கோட்டுடன் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன் அல்லவா? அப்பா அதைத் தெரு முழுவதும் காட்டிவிட்டு வந்து பெருமையோடு பாட்டியிடம் கொடுக்க, பாட்டி அதைத் தூரவும் கிட்டவும் வைத்துப் பார்த்து, "கடல் தாண்டிப் போயும் சைக்கிள்தானா?" என்று கேட்டாளாமே, அந்தச் சைக்கிள்தான். பிற்பாடு உன் அண்ணி இட்லிப் பானையும் இரும்புப் பெட்டியுமாக வந்து இறங்கியபோது, அவ்வளவையும் அவளையும் கேரியரில் ஏற்றுவது அசாத்தியம் என்பது ஸ்பஷ்டமாகவே, பழைய மாரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு, சைக்கிளை ஒரு மாணவனுக்கு மூன்று பவுனுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பின் அது எத்தனை கை மாறிற்றோ, யார் யாரை எங்கெங்கே சுமந்ததோ!

என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக் கிழவர் இவ்வருஷம் காலமாகிவிட, அவருடைய மகள் கொட்டகையைக் காலி செய்ய வந்தாள். ஐவிக்கொடி படர்ந்து, கதவும் சுவரும் ஒன்றாகிவிட்ட அந்தக் கொட்டகையின் மூலையிலிருந்து, பூந்தொட்டிகளுக்கும் கிழிந்த கோணிகளுக்கும் அடியிலிருந்து, ஒரு ஹாண்டில் பார் வெளியே வந்தது. பெண் நல்ல விவரம் தெரிந்தவள். பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுமுன் பழைய சைக்கிள் தெரிந்தவரைக் கூப்பிட்டாள். இந்நாட்டில் பழைய சைக்கிள்களைப் பற்றிய சாஸ்திரத்தில் கரைகண்ட மகான்கள் சிலர் உண்டு. 1955-லிருந்து வெட்டரன் சைக்கிள் கிளப் என்று அவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. வந்தவர் அந்த ரகம். எந்த வருஷத்து மட்கார்டுக்கு எத்தனை திருகாணி என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவராதலால், அவருக்கு நான் கனபாடிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கனபாடிகள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பின்சக்கரத்துக் குடத்தின் மேலிருந்த அழுக்கை விரலால் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்களை வாசித்து, "1957" என்றார். பிறகு பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆணியால் கீறியது போன்ற ஒரு சின்னச் சுழியையும் அதன் கீழே இரண்டு கோடுகளையும் சுட்டிக்காட்டி, "இது தொழிற்சாலைப் பரிசோதகரின் ரகசிய முத்திரையாயிருக்க வேண்டும்; இதுவரை நான் எந்த ராலேயிலும் பார்த்ததில்லை, மிகவும் அபூர்வம்" என்று கம்பீரமாகத் தீர்ப்புச் சொன்னார். கீரைக்கட்டும் கையுமாக வேலியோரம் நின்றிருந்த எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடிற்று. அது பிள்ளையார் சுழி, தம்பி! வாங்கிய அன்றைக்கு, மஞ்சளும் மாவிலையும் அகப்படாத தேசத்தில் வேறு எந்த விதமாகத்தான் ஆரம்பிப்பது என்று நானே என் கையால் கீறியது.

நான் விஷயத்தை விளக்கியதும், வைத்திருந்த தடித்த குறிப்புப் புத்தகத்தில் அவர் ஏதோ எழுதி, எழுதியதை அடித்து, மறுபடியும் எழுதினார். அந்தப் பெண்ணோ விலை பேசவே மறுத்துவிட்டாள். "உங்கள் சைக்கிளை உங்களுக்கே விற்பது நன்றாயிருக்காது, ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு நல்ல கறியாகச் சமைத்து அனுப்புங்கள், போதும்" என்றாள். உன் அண்ணி சாம்பாரும் எலுமிச்சஞ்சாதமும் உருளைக்கிழங்குப் பொடிமாஸும் அனுப்பி வைத்தாள். மூன்று பவுனுக்குப் போனது ஒரு தூக்குச் சாம்பாருக்குத் திரும்பிற்று.

இனித்தான் யுத்தகாண்டம். ஜீர்ணமான பொருளைப் பற்றி என் சித்தாந்தம் சுலபமானது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கோபுரத்துக்கே வர்ணம் அடித்துக் கும்பாபிஷேகம் செய்து புதிதாக்கிவிடும் ஊரில் பிறந்தவன் நான். ஆகையால் சைக்கிளை முழுக்க ஓவராயில் பண்ணி, பழைய எனாமலை உப்புத்தாள் போட்டு உரசியெடுத்து, கறுப்பு வர்ணம் பளபளவென்று பூசி, நம்மூர் வாடகை சைக்கிள் கடைக்காரர் மட்கார்டில் பூ வரைவாரே, அதுபோல் ஒரு தாமரையும் வரைந்துவிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டேன். இதைக் கேட்ட கனபாடிகள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆலையில் பூசிய வர்ணத்தை ஒரு தரம் சுரண்டினால் சுரண்டியதுதான், பிறகு பிரம்மாவே வந்தாலும் திரும்பாது என்பதும், துருவும் கீறலும் அந்தச் சைக்கிளின் ஜாதகம் என்பதும், அதன் மேல் கை வைக்கிறவன் சரித்திரத்தின் மேல் கை வைக்கிறவன் என்பதும் அவர் கட்சி. இந்த ஜனங்கள் துருவுக்குக் கொடுக்கும் மரியாதையை நாம் விபூதிக்குக்கூடக் கொடுப்பதில்லை.

ஆனாலும் இரவு படுத்து யோசித்துப் பார்த்ததில், அவர் பேச்சிலும் சாரம் இருப்பதாகவே பட்டது. நம்முடைய கோயில்களில் பழைய சுவர்ச் சித்திரங்களின் மேல் சுண்ணாம்பை அடித்தும், கல்வெட்டுகளின் மேல் மணலைப் பீய்ச்சி எழுத்தையே மழுக்கியும், அதற்குத் திருப்பணி என்று நாமகரணம் சூட்டிய தர்மகர்த்தாக்களை நினைத்தால், ஒரு கனபாடிகள் அங்கேயும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எனவே சமாதானமாகப் போனோம். சட்டத்தின் கறுப்பு எனாமலும் அதில் பாதி அழிந்த தங்கக் கோடும் உள்ளபடியே இருக்கும். முலாம் பூசிய பாகங்களின் துருவை மட்டும் நான் போக்கிக் கொள்ளலாம்.

ரசாயனம் படித்தவன் என்ற ஹோதாவில், ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்துக் குளியல் தொட்டியில் நிரப்பி, சக்கர வளையங்களை ஊறப்போட ஏற்பாடு செய்தேன். "குளிக்கிற இடத்தில் விஷமா?" என்று உன் அண்ணி ஒரே வார்த்தையில் என் அரை நூற்றாண்டு விஞ்ஞானத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஹைசன் கிரீன் கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த புளியில் ஒரு கட்டியைத் தூக்கிப் போட்டாள். வாளியில் புளியைக் கரைத்து ராத்திரி ஊறவைத்துக் காலையில் துடைத்தால், ஹாண்டில் பாரில் என் முகம் தெரிந்தது. புளியிலிருப்பதும் ஓர் அமிலந்தானே! கனபாடிகள் வந்து பார்த்து, எத்தனை கிராம் புளி, எவ்வளவு தண்ணீர், வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். இந்தச் சுற்று வட்டாரத்துப் பழைய சைக்கிள்களிலெல்லாம் இனி ரசவாசனை வீசினால் அதற்கு உன் அண்ணியே பொறுப்பு.

பின்சக்கரத்துக் குடத்தைப் பிரித்த நாள்தான் உத்தமமான நாள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயருடைய அந்த மூன்று கியர்க் குடத்தை, அதாவது நான் வைத்திருக்கும் ஏ.டபிள்யூ. மாதிரியை, 1936-இல் இந்த ஊரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். மூடியைத் திறந்தால் நடுவே 20 பல் கொண்ட சூரியச் சக்கரம். அதைச் சுற்றி, அதே 20 பல்லுடன், கிரகச் சக்கரங்கள் நான்கு. எல்லாவற்றையும் அணைத்தாற்போல் 60 பல் வளையம் ஒன்று. பெயரே அப்படித்தான், நான் வைத்ததல்ல. சூரியன் நடுநாயகமாக இருக்கக் கிரகங்கள் சூழ நிற்கும் தரிசனம் நம் சூரியனார் கோயிலை விட்டால் இங்கேதான் எனக்குக் கிடைத்தது. மூன்றாவது கியரில் சங்கிலிச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றும்; முதல் கியரில் நான்குக்கு மூன்று; நடுவிலே ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு திரிசங்கு சுவர்க்கம் இருக்கிறது. கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தால் கியர் அங்கே போய் நின்றுவிடும். அப்போது பெடல் காற்றில் சுழல, ஏறி மிதித்தவன் பாரின் மேல் வந்து உட்காருவான். அதற்கு மேல் விஸ்தரிப்பது கடிதத்துக்கு அழகல்ல. உள்ளே இறுகிப் போயிருந்த பழைய மசகை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் பார்த்தால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு பல்கூடத் தேயவில்லை. அந்த வகையில் அது என்னைவிடச் சௌக்கியமாகவே இருக்கிறது.

காட்டர் பின்தான் மானத்தை வாங்கியது. கிராங்கை அச்சோடு இறுக்கும் அந்த அற்ப ஆணி துருப்பிடித்து அசைய மறுக்கவே, சைக்கிளை ஒரு நவீன கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் அதைக் குனிந்து பார்த்து, "இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லி, உள்ளேயிருந்த மற்றப் பையன்களையும் கூப்பிட்டுக் காட்டினான். நம் தெரு முனையில் கோணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், வாயில் வெற்றிலையைக் குதப்பியபடியே சுத்தியலால் ஒரே தட்டில் கழற்றிவிடும் சமாசாரம் இது! ராலே பிறந்த ஊரிலேயே ராலேக்கு வைத்தியன் இல்லை என்றால் என்ன சொல்வது? பிராங்க் பௌடன் என்ற ஒருவர், தேக அசௌக்கியத்துக்காக வைத்தியர் சொல்லிச் சைக்கிள் ஏறினவர், ராலே தெருவில் வாரத்துக்கு மூன்று சைக்கிள் செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறையையே வாங்கி, 1888-இல் கம்பெனியாக்கினார். அவர் குலச்சின்னமான நாரைதான் இன்றும் என் சைக்கிளின் நெற்றியில் நிற்கிறது. நான் வந்த காலத்தில், ஆலை விடும் நேரத்தில் தெருவே சைக்கிள் மணியாயிருக்கும். 2002-இல் இங்கே சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆலை இருந்த மண்ணில் இப்போது சர்வகலாசாலைக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் பஸ்ஸில் போகிறார்கள்.

கனபாடிகள் தம்முடைய டயர் இரண்டை இரவல் தந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை லெண்டனிலிருந்து பீஸ்டன் வரை, பழைய உத்தியோகப் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஊரில் என்றால் தெருவே கூடி, கோட்டம் எடு, காற்றைக் குறை, சீட்டை இறக்கு என்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கும். இங்கே வழியில் கண்ட அத்தனை பேரும் "அழகாயிருக்கிறது" என்று ஒரு வார்த்தையும், "மழை வரும்போலிருக்கிறது" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். மழை வந்தது. வீடு திரும்பியபோது முழங்கால் இரண்டும் ஸ்தம்பித்துவிட்டன. நல்ல வேளையாக, இப்யூப்ரோபென் என்னும் வலி மாத்திரையைக் கண்டுபிடித்ததும் இதே ஊரில், எங்கள் பூட்ஸ் கம்பெனியில்தான். ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் அந்தக் கைங்கரியத்தைச் செய்தார். சைக்கிளையும் செய்து, சைக்கிள் ஓட்டியவனுக்கு மருந்தையும் செய்துவைத்த ஊர் இதை விட்டால் வேறு இருக்காது.

மறுநாளே கனபாடிகள் வந்து, கைகுலுக்கி, நலம் விசாரித்து, டயர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது சைக்கிள் செங்கல் மேல் நிற்கிறது. ஆகவே தம்பி, நீ செய்ய வேண்டிய உபகாரம் இது. இங்கே இந்தச் சாமான்கள் கிடைக்காமல் இல்லை. விலையைக் கேட்டால் வந்த பசி போய்விடுகிறது. நீ 28-க்கு ஒன்றரை அங்குல டயர் இரண்டு, டியூப் இரண்டு, கம்பி பிரேக்குக்குரிய ரப்பர் கட்டை இரண்டு ஜதை, காட்டர் பின் நாலு வாங்கி அனுப்பு. நம்மூரில் பால்காரர் சைக்கிளுக்குப் போடுகிற அதே அளவுதான். பெடல் அச்சின் கப் மட்டும் வேண்டாம். ராலேக்காரர்கள் அங்குலத்துக்கு 26 மரை என்று தனி வழக்கம் வைத்திருந்தார்கள், மற்றக் கப் அதில் ஏறாது. ஊர்ச் சாமான் சீமைச் சைக்கிளுக்குச் சேருமா என்று கடைக்காரர் கேட்டால், உறவு முறையைச் சொல்: 1949-இல் ஆரம்பித்த நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனிக்குப் பங்காளியாயிருந்த பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான் 1960-இல் ராலேயையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆகச் சம்பந்தி வீட்டுச் சீர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சரஸ்வதி பூஜைக்குள் பார்சல் வந்து சேர வேண்டும். ஆயுத பூஜையன்று சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுவதாக இருக்கிறேன். கனபாடிகளையும் அழைத்திருக்கிறேன். சந்தனம் எனாமலைத் தின்னுமா என்று விசாரித்துப் பதில் எழுதியிருக்கிறார்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அண்ணன்.

பி.கு.: டயரைச் சுருட்டிக் கட்டும்போது நடுவில் இடம் வீணாகப் போகுமே, அதில் அப்பளமும் வேப்பம்பூவும் வைத்து அனுப்பச் சொல்கிறாள் உன் அண்ணி. அப்பளத்தில் ரப்பர் வாசனை ஏறிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் புளியைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். ஆகையால் வைத்தே அனுப்பு.