ஒரு நூல்தானே!

மரவேலை கற்றுக்கொள்ள எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அம்பத்தூரில் மட்டும் கற்றுக்கொள்ளக் கூடாது. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள், பின்னால் வந்த தொழிற்பேட்டை, இந்தப் பக்கம் பாடி, அந்தப் பக்கம் 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட ஆவடி என்று சுற்றிலும் இரும்பையே இழைத்து வாழ்ந்தவர்கள். தெருவுக்கு நாலு ஃபிட்டர், இரண்டு டர்னர், ஒரு டூல்ரூம்காரர் ரிடையராகி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷம் வங்கியில் லெட்ஜர் புரட்டிய நான் அவர்கள் கண்ணெதிரே ரம்பத்தைத் தூக்கியது, திருவையாற்று ஆராதனைப் பந்தலில் ஒருத்தன் எழுந்து நின்று ஜலதோஷக் குரலில் பாட ஆரம்பித்தது மாதிரி.

ஓய்வு பெற்ற மறு மாதமே போர்ட்டிகோவிலிருந்த ஸ்கூட்டரை வெயிலில் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்குப் பட்டறை என்று பெயர் வைத்தேன். முதல் திட்டம் தேக்கு ஊஞ்சல். ஒரு கன அடி தேக்கின் விலையைக் கேட்டதும் ஊஞ்சல் அலமாரியாயிற்று. அலமாரிக்கு எத்தனை கன அடி என்று கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னதும் அது ஸ்டூலாயிற்று. அதற்கும் தேக்கு வேண்டாம் என்று முடிவாகி, தொழிற்பேட்டைக்கு மெஷின் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளை உடைத்து விற்கிறவரிடம் போய் ஒரு கட்டுப் பலகை வாங்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். பலகைக்கும் ஒரு சீட்டுக் காசு வாங்கினார்கள்.

பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் பக்கத்தில் 'ஹெச்டி' என்ற எழுத்தும் இருந்தன. அதன் அர்த்தத்தைத் தேடிப் படித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். "இதப் பாரு. நடு மரம் வரைக்கும் 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் வெச்சிருக்காங்க. பூச்சி, புழு எதுவும் இருக்காது. எந்த நாட்டுக்கு வேணும்னாலும் அனுப்பலாம்."

"அப்போ அனுப்பிடுங்களேன்" என்றாள்.

ஆணி பிடுங்குவதிலேயே ஒரு வாரம் போயிற்று. அந்தப் பெட்டிகளில் அடிப்பது முறுக்காணி. போனால் வராது, வந்தால் பலகையில் பாதியைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். மிச்சப் பாதியில் இழைப்புளியை ஓட்டினால், இரண்டு சுருள் சீவல் அழகாக விழும். மூன்றாவதற்குக் கணு வந்து மறிக்கும். எனக்கு வாய்த்தது பலகையில் கணு அல்ல, கணுவில் பலகை.

இனி பொருத்து. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, காலில் தோண்டிய துளைக்குள் இறக்கவேண்டும். தட்டினால் இறங்கவேண்டும், இழுத்தால் வரக் கூடாது என்பது இலக்கணம். என்னுடையது தட்டாமலே இறங்கியது, இழுக்காமலே வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டூல்ரூம்காரர் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார். "சார், இதுக்கு மக்கு வேணும். நிறைய."

காபி கொண்டுவந்த மனைவி, "அதுக்கு இங்க குறைச்சலே இல்ல" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து மக்கு தயாரித்து ஓட்டையெல்லாம் அடைத்தேன். காயும்வரை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வேண்டும். அதற்கு ஏன் காசு என்று அம்மிக்கல்லைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தேன். மறுநாள் காலையில் எல்லாமே நன்றாக ஒட்டியிருந்தன, அம்மி உட்பட.

அம்மியைப் பெயர்த்து, உப்புத்தாளை 80, 120, 220 என்று நம்பர் வாரியாகத் தேய்த்து, உள்ளங்கையில் ஏறிய சிராய்க்கு ஒரு டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்ட பிறகு, ஸ்டூலைத் தரையில் நிறுத்தினேன். ஆடியது.

டூல்ரூம்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மற்றவர்கள் பேனா செருகும் பையில் அவர் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் செருகியிருப்பார். அதை எடுத்து ஒரு காலுக்கும் தரைக்கும் நடுவே விட்டுப் பார்த்தார்.

"கால் ஒண்ணு கம்மியா இருக்கே சார்?"

"ஒரு நூல்தானே!" என்றேன். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல்; தச்சர்களின் அளவை. அந்தச் சொல் வாயில் வந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "மூவாயிரத்து நூத்தி எழுபத்தஞ்சு மைக்ரான்" என்றார். குரலில் கோபமில்லை. துஷ்டி கேட்க வந்தவரின் குரல். "நாங்க பத்து மைக்ரானுக்கே வேலையைத் திருப்பி அனுப்புவோம் சார்."

ஒவ்வொரு காலாக வெட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஸ்டூலை மணையாக்கினவர் கதை எனக்கும் தெரியும். அதனால் ரம்பத்தைத் தொடவில்லை. கணிதத்தின் காலில் விழுந்தேன். மேடுபள்ளமான தரையில் ஆடுகிற சதுர மேசையை இருந்த இடத்திலேயே சுழற்றினால், கால் சுற்று முடிவதற்குள் எங்காவது நாலு காலும் ஊன்றிவிடும் என்று ஒரு தேற்றம் உண்டு. விளையாட்டில்லை, நிரூபித்திருக்கிறார்கள். கூடத்துக்கு நடுவில் ஸ்டூலை வைத்து மெதுவாகச் சுற்றினேன். கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று. இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று.

"என்னங்க, சுத்திப் போடறீங்களா? அது மேலயா கண்ணு பட்டிருக்கப் போவுது?" என்று சமையலறையிலிருந்து கேட்டது.

நாலு காலும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பது அந்தத் தேற்றத்தின் முதல் நிபந்தனை. நான் இரண்டாவதிலிருந்து படித்திருந்தேன். முக்காலி செய்திருந்தால் இந்த வம்பே இல்லை. மூன்று கால் எப்படியிருந்தாலும் தரையில் ஊன்றும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு முக்காலி வைத்திருந்தார்களே, என் மாதிரி ஆசாமிகள் அப்போதும் இருந்திருப்பார்கள்.

லெட்ஜர் புத்தி போகுமா? உளி மூன்று, இழைப்புளி ஒன்று, டிரில் மெஷின், ஃபெவிகால், ஊசி என்று கூட்டிப் பார்த்தேன். கூட்டுத்தொகையை மனைவியிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை, அவளும் படிப்பாள்.

ஸ்டூல் இப்போது மொட்டைமாடியில், கற்றாழைத் தொட்டிக்கு அடியில், மூன்று காலில் நிற்கிறது. நாலாவது கால் ஒரு நூல் உயரத்தில் காத்திருக்கிறது. ஐப்பசி மழையில் ஊறினால் மரம் உப்பும். எங்கள் கொல்லைக் கதவே வருஷா வருஷம் கார்த்திகையில் உப்பிச் சிக்கிக்கொள்கிறது. ஸ்டூலின் காலும் அப்படி ஊறிச் சரியாகிவிடும் என்று டூல்ரூம்காரரிடம் சொன்னேன்.

"மரம் குறுக்கத்தான் சார் உப்பும். நீளத்துல வளராது" என்றார்.